செல்லச்சாமி செத்த நாள்

என் மதினி வீரலட்சுமியைப் பற்றி எங்கள் சுற்றுவட்டாரத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. கமாண்டர் வில்லாயுதத்தை ஊர் நடுவில் வைத்துத் தலைகுனிய வைத்தவள் என்பது ஒன்று. கையில் வசமாகச் சிக்கிய கமாண்டரைக் கோட்டை விட்டவள் என்பது இன்னொன்று. இரண்டையும் காது புளிக்கக் கேட்டாயிற்று. இரண்டும் பொய். அவளுக்குக் கமாண்டரும் வேண்டியதில்லை, அவர் கல்வெட்டும் வேண்டியதில்லை. தன் புருஷன் செத்த நாள் எது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காகப் பதினாறு வருஷம் நடையாய் நடந்தாள்.

நான் முத்தழகு. அவள் புருஷன் செல்லச்சாமி எனக்குக் கூடப்பிறந்த அண்ணன். கமுதிக்கும் கடலாடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் நான் ஆரம்பப் பள்ளி வாத்திச்சி. நாத்தனாராவது, மதினியைப் பற்றி நல்லபடியாக எழுதுவதாவது என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். நான் அவளுக்குச் செய்த கெடுதலையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

அண்ணன் 1939இல் ரங்கூனுக்குப் போனான். அங்கே அரிசி மில்லில் வேலை. அவன் கிளம்பும்போது மதினிக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் ஆறு மாதம். பையன் பிறந்ததும் பூமிநாதன் என்று பேர் வைக்கச் சொல்லி அங்கிருந்து கடிதம் போட்டான். பேர் வைத்ததோடு சரி, பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் கடிதம் நின்றது. எங்கள் சீமையிலிருந்து போன எத்தனையோ பேரைப் போல அவனும் ஐ.என்.ஏ. பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்று அவர் சொல்லி இவர் சொல்லிக் கேள்விப்பட்டோம். சண்டை முடிந்து ஒருத்தர் இரண்டு பேராக ஊர் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை.

1947 சித்திரையில் ஏர்வாடிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். பேர் பாக்கர். பர்மாவில் ஐராவதி ஆற்றில் லாஞ்ச் ஓட்டியவர். தண்ணீர் கொடுத்ததைக் குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"செல்லச்சாமி என் லாஞ்சுலதான் வந்தாப்ல. காயம்பட்ட சிப்பாய்க, சீக்காளிக, மில்லு வேல பாத்த குடும்பங்க, அம்புட்டும் நம்ம ஆளுக. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஏரோப்ளான் வந்து குண்டு போட்டுருச்சு. தண்ணியில குதிச்சதுல நாலஞ்சு பேருதான் கரையேறுனோம். அதுல செல்லச்சாமி இல்ல. மவுத்தாப் போயிட்டாப்ல தாயீ."

எங்களைப் பெற்ற அய்யா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சுவரில் முட்டிக்கொண்டேன். மதினி மட்டும் அழவில்லை. "என்னைக்கு அண்ணே?" என்று கேட்டாள்.

"சண்டை முடியிற வருசம், நாப்பத்தஞ்சு. மாசம் தெரியாது தாயீ. காய்ச்சல்ல கெடந்துக்கிட்டே ஓட்டுறேன். தையா மாசியா பங்குனியா ஒண்ணும் பிடிபடல. ஆனா வெள்ளிக்கெழம. ஜும்மாத் தொழுக தவறிப் போச்சேன்னு நெனச்சது ஞாபகம் இருக்கு. பிறை பத்துக்கிட்ட இருக்கும். அது அடையிற வரைக்கும் அந்த வெளிச்சத்துலதான் ஓட்டுனேன். அடைஞ்சதும் கரையோரமாக் கட்டிப்புட்டேன்."

இங்கேதான் நான் வாயை வைத்தேன். "அது அவுக பிறைக் கணக்கு மதினி. அவுக நோம்பே வருசா வருசம் மாறி மாறித்தான் வருது. நம்ம திதிக்கு அது ஆகாது" என்றேன். வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. நான் சொன்னால் எடுபடும். அய்யாவும் ஆமாம் போட்டார். பாக்கர் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. வானத்தில் இருப்பது ஒரே நிலாதான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அவர்களுடைய பிறை பத்தும் நம்முடைய வளர்பிறையும் அதே நிலாதானே என்று என் மண்டைக்கு எட்டவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு சொன்னார்கள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறது. ஆடியிலோ தையிலோ ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகிப் பிண்டம் போட்டுவிட்டு, தாலியைக் கழற்றிவிட வேண்டியது. எல்லாரும் செய்கிற காரியம்தான். மதினி தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"அமாவாசைக்கு உலகத்துல நாள் தெரியாமச் செத்தவுக எல்லாரும் வருவாக. அந்தக் கூட்டத்துல எங்க வீட்டுக்காரரு எங்கன போயி நிப்பாரு? அவரு செத்ததுக்குன்னு ஒரு நாள் இருக்குல்ல. அது எனக்குத் தெரியட்டும். தெரிஞ்சதும் முறையா எழவு சொல்லி அனுப்புறேன், எல்லாரும் வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் ஒப்பாரி வைக்கக் கூடாது. நானும் வைக்க மாட்டேன்."

"நாள் தெரியவே தெரியலேன்னா?" என்றார் ஒரு கிழவர்.

"தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் பட்ட பாட்டைச் சொன்னால் ஏடு தாங்காது. கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் பொட்டு இருக்கிறது, புருஷன் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஒருத்தி சந்தனக் கிண்ணத்தை நீட்டுவாள், இன்னொருத்தி வெடுக்கென்று பின்னால் இழுப்பாள். "பூ யாருக்காம்?" என்று கிணற்றடியில் கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஊரை ஏன் சொல்ல வேண்டும்? 1949இல் என் கல்யாணம். ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆசையாக வந்தாள். "மதினி, நீங்க சித்த தள்ளி நில்லுங்க" என்றவள் நான்தான். தட்டை என் சித்தி கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அத்தனை பேருக்கும் பந்திக்குச் சோறு வடித்தாள். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

மிளகாய்க் கொல்லையில் பாடுபட்டுப் பிள்ளையை வளர்த்தாள். பூமிநாதன் பத்தாவது வரை படித்து பஸ் கண்டக்டர் ஆனான். நடுநடுவே என்னை உட்கார வைத்து மனு எழுதச் சொல்வாள். டெல்லிக்கு எழுதினேன், மதராசுக்கு எழுதினேன், எந்தெந்த ஆபீஸுக்கோ விலாசம் விசாரித்து எழுதினேன். பதில் வந்த இரண்டு மூன்றிலும் ஒரே வாசகம், விவரம் இல்லை என்று. கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "அடுத்து யாருக்கு எழுதலாம்?" என்று கேட்பாள்.

இனி கமாண்டர். கடலாடிப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். வெள்ளைக்காரன் காலத்தில் விமானப் படையில் சேர்ந்து, பர்மாச் சண்டையில் ஒரு விமானப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். மெடல் வாங்கியவர். 1955இல் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். மனிதர் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் இல்லாத ஏழெட்டு ஊரில் கிணறு வெட்டிக் கொடுத்தார். உயர்நிலைப் பள்ளிக்குத் தன் புஞ்சையை எழுதி வைத்தார். காலரா வந்த வருஷம் தன் ஜீப்பிலேயே நோயாளிகளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டார்கள்.

காறித் துப்புகிறவர்களும் இருந்தார்கள். ஐ.என்.ஏ.யிலிருந்து திரும்பிய தவசியாண்டி என்பவர் அவர்களுக்குத் தலைவர். "வெள்ளைக்காரன் ஏரோப்ளான்ல ஏறிக்கிட்டு நம்ம ஆளுக தலையில குண்டு போட்டவன். அவன் வெட்டுன கெணத்துல தண்ணியா வரும், ரத்தந்தான் வரும்" என்று டீக்கடை டீக்கடையாகப் பேசுவார். கமாண்டர் அதற்கு மேடை மேடையாகப் பதில் சொல்வார்: "என் குண்டு ஜப்பான்காரன் மேல மட்டுந்தான் விழுந்துச்சு. ஒரு தமிழன் மேலயும் விழல."

இது மதினி காதில் விழுந்த நாளிலிருந்து அவர் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். ஐராவதியில் படகுகள் மீது குண்டு போட்டது அவர் பிரிவும்தான் என்று தவசியாண்டி சொல்லியிருந்தார். முதல் தடவை கமாண்டர் மரியாதையாகத்தான் பேசினார். "படகு ஆயிரம் இருந்துச்சும்மா. எது எந்த நாள்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். இரண்டாம் தடவை, "அது எங்க ஆளுக போட்டதே இல்ல" என்றார். அதன் பிறகு கேட்டைத் திறக்கவில்லை. இவளும் விடவில்லை. கமுதிச் சந்தைக்கு மிளகாய் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் சுற்று வழியாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வருவாள். "கெடைக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் மதினி போறீக?" என்று நான் சலித்துக்கொண்டால், "நான் மறக்கலேன்னு அவருக்குத் தெரியணும்ல" என்பாள்.

1962இல் சீனாக்காரன் சண்டை வந்தது. ஊர் ஊராகப் பட்டாளத்துக்காரர்களுக்கு மாலை போட்டார்கள். கமாண்டர் ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம் முடிந்து, அவர் பேரில் கல் பதித்து, அடுத்த தை மாதம் திறப்பு விழா வைத்தார்கள். 'பர்மாப் போரில் ஜப்பானியரை வென்ற வீரர்' என்று கல்லில் வெட்டியிருந்தது. விழாவுக்கு மூன்று நாள் முன்பே பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டு, அவருடைய மெடல், தொப்பி, போட்டோ எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். முதல் நாள் காலையிலேயே மதினி போனாள். துணைக்கு நானும் போனேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெட்டியில் இருந்த நீலநிற நோட்டைக் காட்டி, "இது என்ன சார்?" என்று அங்கே நின்ற தலைமை ஆசிரியரைக் கேட்டாள்.

"அது அய்யா விமானத்துல பறந்த கணக்கும்மா. எந்தத் தேதி எங்க போனாரு, என்ன செஞ்சாரு, அம்புட்டும் அன்னன்னைக்கே எழுதியிருக்கும். விமானம் ஓட்டுறவங்க கட்டாயம் எழுதணும்" என்றார் அவர் பெருமையாக.

மதினி புடவையைக் கால்களுக்குள் ஒதுக்கிக்கொண்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இத யாராச்சும் வாசிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

விழாக் கமிட்டிக்காரர்கள் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். பெண் பிள்ளையைத் தொட்டுத் தூக்கவும் பயம். மத்தியானத்துக்குள் சேதி பரவி, தவசியாண்டி இருபது பேரோடு கறுப்புக்கொடியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, "கொலைகாரன் ஒழிக" என்று கத்த ஆரம்பித்தார். அவர்களுக்கு இனாமாக ஒரு விதவை கிடைத்துவிட்டாள் என்று நினைப்பு. மதினி திரும்பிப் பார்த்து ஒரு போடு போட்டாள்.

"ஏலே, கொடியச் சுருட்டு. நான் ஒழிகன்னு சொல்ல வரல. நீங்க கத்துனா அந்த மனுசன் வருவாரா? வராம எனக்கு யாரு வாசிச்சுச் சொல்லுவா? போங்க அங்கிட்டு."

எழுந்து தள்ளிப் போனார்கள். போனார்களே தவிர ஊரை விட்டுப் போகவில்லை, எதிர் மரத்தடியில் நின்றார்கள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கமாண்டர் வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, கையில் பிரம்பு. பந்தல் நிறையக் கூட்டம். மதினி எழுந்து நின்று கும்பிட்டாள்.

"அய்யா, நீங்கதான் போட்டீங்களான்னு நான் கேக்கல. படகு மேல குண்டு போட்ட நாள்கள வாசிங்க. அது போதும்."

"வாசிச்சா என்னம்மா ஆகும்? அங்கன நிக்கிறானுகளே, அவனுக என்னைய விடுவானுகளா?"

"விட மாட்டாக" என்றாள். "இன்னைக்கு விட்டாலும் நாளைக்கு விட மாட்டாக. உங்களுக்குக் கல்லுல பேரு இருக்கு அய்யா. எங்க வீட்டுக்காரரு இன்னும் எனக்குச் சாகவே இல்லையே. பதினெட்டு வருசமா நடு ஆத்துல நிக்கிறாரு. அவரக் கரை சேக்கணும். நீங்க ஒரு நாளச் சொன்னா நான் போயிருவேன்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கமாண்டர் பிரம்பை மேஜைமேல் வைத்தார். சாவி கேட்டு வாங்கிப் பெட்டியைத் திறந்தார். கமிட்டித் தலைவர் ஓடிவந்து காதில் என்னவோ ஓதினார். "நீங்க சும்மா இருங்கய்யா" என்று அவரை விலக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

1945 ஜனவரி தொடங்கி மார்ச் முடிய ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். ஐராவதியில் படகுகளைத் தாக்கியதாக நான்கு நாட்கள் இருந்தன. நான்கும் அவரே பறந்தவை. ஜனவரி 30, பிப்ரவரி 16, பிப்ரவரி 23, மார்ச் 10. நான்கையும் தானே ஒரு காகிதத்தில் எழுதினார்.

"இதுல எதுன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முத்தழகு, பாக்கர் அண்ணன் அன்னைக்கு என்னமோ பிறை சொன்னாரே."

வெள்ளிக்கிழமை. பிறை பத்து. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நம் திதிக்கு ஆகாது என்று நான் வாயால் ஊதித் தள்ளிய சொல். "மதினி, நாந்தான் கெடுத்தேன்" என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அழுதுவிட்டேன். "அழுக பெறகு வச்சுக்கலாம், இப்ப ஆக வேண்டியதப் பாரு" என்றாள்.

விடிந்ததும் நான் கமுதிக்கு ஓடினேன், சிவன் கோயில் குருக்களிடம் தாரண வருஷத்துப் பழைய பஞ்சாங்கம் வாங்க. பூமிநாதன் ஏர்வாடிக்கு பஸ் ஏறினான், பாக்கரைக் கூட்டிவர. மதினி இரண்டாம் நாளும் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மத்தியானம் பாக்கர் வந்து சேர்ந்தார். வெள்ளைத் தொப்பி, தாடி நரைத்துவிட்டது. கமாண்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். குண்டு போட்டவரும் குண்டுக்குத் தப்பியவரும் ஒரு மேஜைக்கு இரண்டு பக்கம். பஞ்சாங்கத்தை நான் புரட்டினேன். நான்கு தேதியில் வெள்ளிக்கிழமை இரண்டு, பதினாறும் இருபத்து மூன்றும்.

"பதினாறாந் தேதி வளர்பிறை நாலு" என்றேன்.

பாக்கர் தலையை ஆட்டினார். "அது இல்ல. அந்தப் பிறை ராத்திரி இஷாத் தொழுகைக்குப் பெறகு கொஞ்ச நேரத்துலயே அடைஞ்சிரும். நாங்க நடுச்சாமம் தாண்டி வெளிச்சத்துல வந்தோம்."

"இருபத்து மூணு, ஏகாதசி."

"அதுதான். பிறை ஒம்போது பத்துன்னா அதுதான்."

கமாண்டர் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "லாஞ்சு மேல என்ன போட்டு மூடியிருந்தீங்க?"

"தென்னங்கீத்து. பொம்பளப் பிள்ளைகளுக்கு வெயில் படாம நாங்கதான் கட்டுனோம்."

கமாண்டர் அந்த வரியை விரலால் தொட்டுத் தமிழில் சொன்னார். "கீற்று வேய்ந்த லாஞ்ச் ஒன்று. கரையோரம் கட்டியிருந்தது. எரிந்து மூழ்கியது. ஜப்பானியர் சரக்கு." கடைசி இரண்டு சொல்லை மெதுவாகச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாந்தான். மேலேருந்து பாத்தா படகுதான் தெரியும். உள்ள யாருன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தாலும் ஒங்க மேலதிகாரி போடச் சொல்லியிருப்பாரு, நீங்களும் போட்டிருப்பீங்க" என்றார் பாக்கர். கோபமில்லாமல்தான் சொன்னார். "நானுந்தான், பிறை அடைஞ்சதும் மரத்தடியாப் பாத்துக் கட்டாமத் தெறந்த கரையில கட்டுனேன். பதினெட்டு வருசமா எனக்கும் தூக்கம் கெடையாது கமாண்டரய்யா."

மதினி இதையெல்லாம் காதில் வாங்கினாளோ என்னவோ. "மாசி வளர்பிறை ஏகாதசி, வெள்ளிக்கெழம" என்று இரண்டு மூன்று தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கய்யா" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தார். நாள், கிழமை, ஆறு, கீற்று வேய்ந்த லாஞ்ச், கீழே அவர் முழுப் பேர்.

பந்தலை விட்டு வெளியே வந்ததும் தவசியாண்டி வழிமறித்தார். "ஆத்தா, அந்தத் தாளக் குடு. பத்திரிகையில போட்டு அந்தக் கல்லப் பேத்தெடுத்துருவோம்." மறுபக்கம் கமிட்டிக்காரர்கள், "அம்மா, அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க, உங்க மகனுக்கு எது வேணும்னாலும் செய்யுறோம்" என்று குழைந்தார்கள். மதினி தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்காரரு சாவுச் சீட்டு. ஒங்க ரெண்டு கட்சிக்கும் இதுல வேலை இல்ல. வழிய விடுங்க."

அதனால்தான் இரண்டு கட்சிக்கும் அவள்மேல் காட்டம். விழா நடந்தது. கமாண்டர் மேடையில் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. கல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. சுதந்திர தினத்துக்கு மாலை போடுகிறவர்கள் போடுகிறார்கள், மறுநாள் சாணியடிக்கிறவர்கள் அடிக்கிறார்கள். கிணறு வெட்டியதும் அந்தக் கைதான், குண்டு போட்டதும் அந்தக் கைதான். இரண்டையும் சேர்த்துப் பேச இந்த ஊரில் ஆள் கிடையாது. எனக்குமே முடியவில்லை, ஏனென்றால் செத்தவன் என் அண்ணன்.

பஞ்சாங்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது குருக்கள், "ஏகாதசி மரணம், துவாதசி தகனம்னு சொல்லுவா. புண்ணியம் பண்ணினவர்" என்றார். "தகனம் எங்க சாமி நடந்துச்சு, ஆத்துத் தண்ணியிலயா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

மாசி ஏகாதசிக்கு நான்கு வாரம்கூட இல்லை. மதினி சொன்ன சொல் தவறாமல், முறைப்படி சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் இழவு சொல்ல ஆள் அனுப்பினாள். போன ஆட்களுக்குத்தான் சங்கடம். "யாரு செத்தா?" "செல்லச்சாமி." "என்னைக்கு?" "பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி." சிரித்தவர்களும் உண்டு, நெஞ்சில் கைவைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஏர்வாடிக்குப் பாக்கருக்கு ஆள் போனது. கமாண்டர் வீட்டுக்கும் ஒரு ஆளை அனுப்பினாள்.

நான் குதித்தேன். "ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கொன்னவனுக்கே கேதம் சொல்லி அனுப்புவாகளா?"

"அவரு சாவுக்கு நமக்குத் தெரிஞ்ச சாட்சி ரெண்டே பேரு" என்றாள். "ரெண்டு பேருக்கும் சொல்லித்தான் ஆகணும். வாரதும் வராததும் அவுக பாடு."

ஏகாதசியன்று காலையில் குளித்துவிட்டு வந்து, தாலியைத் தானே கழற்றிப் பால் சொம்பில் போட்டாள். பதினாறு வருஷம் அதைக் கழற்றச் சொல்லி நச்சரித்த நான், "வேணாம் மதினி, கெடக்கட்டும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினேன். "விடு முத்தழகு" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அப்புறம் கூடத்தில் நடுவில் உட்கார்ந்தாள். கிணற்றடியில் பூ யாருக்கு என்று கேட்டவள், சந்தனக் கிண்ணத்தைப் பின்னால் இழுத்தவள், எல்லாரும் தலைவிரி கோலமாக வந்து அவளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ஆத்தோட போனவரே, என் ராசாவே, ஒரு நாள் சொல்லிப் போகலையே" என்று மதினி எடுத்தாள் பாருங்கள், வாசலில் நின்ற ஆம்பிளைகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தனை வருஷத்து அழுகை. நான் மாரில் அடித்துக்கொண்டு என் அண்ணனுக்கு அழுதேன். அன்றுதான் அவன் எங்களுக்குச் செத்தான்.

கேதத்துக்கு வருகிற ஆம்பிளைகள் இரண்டு கையையும் நீட்டுவார்கள், வீட்டு ஆம்பிளை தன் கையால் அந்தக் கைகளைத் தொட வேண்டும். தொட்டால்தான் கேதம் கேட்டது சேரும். வாசல் பந்தலில் பூமிநாதன் நின்று ஒவ்வொருவர் கையாகத் தொட்டு வாங்கினான். பாக்கர் கைகளைத் தொட்டதும் அவர் தோளில் சாய்ந்து அழுதான். உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கமாண்டர் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

சாப்பாட்டுக்கு இலை போடச் சொல்லும் நேரத்தில் தெருவில் பேச்சு அடங்கியது. எட்டிப் பார்த்தேன். ஜீப் இல்லை, பிரம்பு இல்லை. தோளில் துண்டும் வெறுங்காலுமாகக் கமாண்டர் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். தவசியாண்டி ஆட்கள் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்தான், பக்கத்தில் இருந்தவன் பிடித்து உட்கார வைத்தான். அவர் நேரே பூமிநாதனுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

பூமிநாதன் கையைத் தூக்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். தொடாதே, தொடாதேடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கமாண்டரும் நீட்டிய கையை மடக்கவில்லை. உள்ளே ஒப்பாரி நின்றுபோனது. மதினி கலைந்த தலையோடு நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"பூமிநாதா, கையக் குடு. கேதத்துக்கு வந்தவுகள நிக்க வைக்கக் கூடாது. வரச் சொன்னவ நான்."

அவன் அழுதுகொண்டே கையை நீட்டித் தொட்டான். மதினி உள்ளே திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.